உதவித்தொகை வரும் மாதம்

அண்ணன் 2018-இல் பொறியியல் கவுன்சிலிங்கில் இடம் வாங்கியபோது, வீட்டில் எல்லோரும் அலைந்தது முதல் பட்டதாரி சான்றிதழுக்காக. தாத்தா, பாட்டி தொடங்கி எங்கள் குடும்பத்தில் யாரும் பட்டம் வாங்கியதில்லை. இ-சேவை மையத்தில் பதிந்து, வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) என்று ஒவ்வொரு மேசையாக நகர்ந்து, கடைசியில் துணை வட்டாட்சியர் ஒப்புதலோடு சான்றிதழ் வந்தது. ஆண்டுக்கு 25,000 ரூபாய் கல்விக் கட்டணத்தில் கழிந்தது. நான்கு ஆண்டுக்கு ஒரு லட்சம். அப்பா அரிசி ஆலையில் வேலை பார்ப்பவர். அந்த ஒரு லட்சம் இல்லையென்றால் அண்ணன் இரண்டாம் ஆண்டோடு நின்றிருப்பான்.

2022-இல் நான் சேர்ந்தபோது அந்தக் கதவு மூடியிருந்தது. முதல் பட்டதாரி சலுகை ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். அண்ணன் அதை வாங்கிவிட்டான், அந்த ஆண்டே பட்டமும் முடித்துவிட்டான். எனக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஆனால் பிளஸ் டூ முடிவு வரும்வரை எனக்கும் அந்த 25,000 கழியும் என்று நம்பித்தான் அம்மாவும் நானும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம்.

இன்னொரு கதவும் இருந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2021 முதல் உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. எங்கள் தெருவில் என் வயதுத் தோழி அப்படித்தான் படித்தாள். அதோடு அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கான புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் அவள் கணக்கில் விழுந்தது. நான் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி, ஆங்கில வழி. அந்த ஒதுக்கீட்டில் உதவி பெறும் பள்ளிகள் சேராது. புதுமைப் பெண் திட்டம் பிறகு, 2024 டிசம்பரில், உதவி பெறும் பள்ளி மாணவிகளுக்கும் விரிந்தது. அதுவும் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு. அவள் வீட்டு நிலைமையும் என் வீட்டு நிலைமையும் ஒன்றுதான். ஆறாம் வகுப்பில் எந்தப் பள்ளி பக்கத்தில் இருந்தது என்பதுதான் வித்தியாசம். அவளுக்குக் கிடைத்ததில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம். உதவி பெறும் பள்ளியில் படிக்கும் ஏழைப் பிள்ளைகளையும் அந்த ஒதுக்கீட்டில் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து.

சரி, எனக்கு என்னதான் மிச்சம் என்று தேடியபோது கிடைத்தது பிரகதி உதவித்தொகை. தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அரசு அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ. மாணவிகளுக்காகத் தருவது. ஆண்டுக்கு 50,000 ரூபாய். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஒரே வீட்டில் இரண்டு பெண்கள் வரை வாங்கலாம். மதிப்பெண் அடிப்படையில் தேர்வு. எங்கள் ஊரில் கேட்டவரையில் ஒருவருக்கும் இதன் பெயர் தெரியவில்லை. எனக்குச் சொன்னது பள்ளியில் இயற்பியல் எடுத்த டீச்சர்.

விண்ணப்பம் தேசிய உதவித்தொகைத் தளத்தில். நாம் பதிந்து அனுப்பினால் மட்டும் போதாது. கல்லூரியில் அதற்கென இருக்கும் அலுவலர் தன் பக்கத்தில் சரிபார்த்து ஏற்க வேண்டும். அவர் தேதிக்குள் அதைச் செய்யாவிட்டால் நம் விண்ணப்பம் அங்கேயே கிடந்து காலாவதி ஆகிவிடும். என் விண்ணப்பம் மூன்று வாரம் அப்படிக் கிடந்தது. "அடுத்த வாரம் பார்க்கலாம்மா" என்றார்கள். கடைசித் தேதிக்கு நான்கு நாள் முன்பு, மதிய இடைவேளையில் அலுவலக வாசலில் போய் நின்றுவிட்டேன். ஒப்புதல் ஆனதைத் திரையில் என் கண்ணால் பார்த்த பிறகுதான் வகுப்புக்குத் திரும்பினேன். என்னோடு விண்ணப்பித்த இன்னொரு பெண் போன் செய்து கேட்டதோடு விட்டுவிட்டாள். அவளுக்கு அந்த ஆண்டு வரவில்லை. என்னைவிட நல்ல மார்க் வாங்கியவள். இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

தேர்வுப் பட்டியலில் பெயர் வந்தது, பணம் வரவில்லை. நான் விண்ணப்பத்தில் கொடுத்த கணக்கில் ஒரு ரூபாய்கூட இல்லை. இரண்டு மாதம் கழித்துத்தான் காரணம் புரிந்தது. இந்தப் பணம் ஆதாரோடு இணைந்த கணக்குக்குப் போகும். வங்கியில் ஆதார் நகல் கொடுத்திருந்தால் மட்டும் இணைந்ததாக ஆகாது. ஒருவருக்கு எத்தனை கணக்கு இருந்தாலும், அரசுப் பணம் போய்ச்சேர ஒரே ஒரு கணக்குத்தான் ஆதாருக்கு எதிரே பதிவாகியிருக்கும். எனக்கு அது ஒன்பதாம் வகுப்பில் பள்ளியில் திறந்து கொடுத்த ஜீரோ பேலன்ஸ் கணக்கு. பாஸ்புத்தகம் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் இருந்தது. எடுத்துக்கொண்டு போய்ப் பதிந்து பார்த்தால், 50,000 அங்கே பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. கவுன்ட்டரிலேயே அழுதுவிட்டேன். எந்தக் கணக்கு இணைந்திருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்திலேயே இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். விண்ணப்பிக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

அந்த இரண்டு மாதத்தில்தான் எனக்கு ஒரு விஷயம் விளங்கியது. அதுவரை எங்கள் நோட்டில் இருந்த கணக்கு, வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு என்றுதான். கல்விக் கட்டணம் 55,000. தேர்வுக் கட்டணம், ஆய்வக நோட்டு, ஜெராக்ஸ் என்று இன்னொரு 15,000. உதவித்தொகை 50,000. இருபதாயிரம்தான் துண்டு விழுகிறது என்று நிம்மதியாக இருந்தோம். ஆனால் கல்லூரி கட்டணத்தைச் சேரும் நாளிலேயே கேட்டது. உதவித்தொகை வந்தது ஆண்டு முடியும் தறுவாயில். நடுவில் இருந்த அந்த மாதங்களுக்கு நோட்டில் இடமே இல்லை.

அப்புறம் அம்மா சுவரில் மாட்டியிருந்த மாதக் காலண்டரை எடுத்து மேசையில் விரித்தார். கல்லூரிக்குக் கட்ட வேண்டிய தேதிகளுக்குச் சிவப்பு வட்டம். பணம் வரக்கூடிய மாதங்களுக்குப் பென்சில் வட்டம். அம்மா தையல் வேலை செய்பவர், கணக்கில் என்னைவிடக் கெட்டி. தெருவில் நடக்கும் ஏலச்சீட்டில் இருபது பேர், மாதம் 2,000, மொத்தம் 40,000. வழக்கமாகக் கடைசி மாதங்களில் எடுத்தால்தான் லாபம் என்று காத்திருப்பவர், இரண்டாம் ஆண்டுக் கட்டணத்துக்காக ஜூலையிலேயே 8,000 தள்ளுபடி விட்டு 32,000-க்கு எடுத்தார். எட்டாயிரம் போகிறதே என்று நான் வருத்தப்பட்டேன். "தேதிக்குக் கைல இருந்தா அதுதான் காசு" என்றார்.

முதல் ஆண்டின் இடைவெளியை நிரப்பியது கல்விக்கடன். நாங்கள் போன கிளையில் முதலில் வீட்டுப் பத்திரம் கேட்டார்கள். எங்களுக்கு வாடகை வீடு. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டப்படி 4 லட்சம் வரை அடமானமும் தேவையில்லை, நம் பங்காக முன்பணமும் தேவையில்லை. அந்த விதி இருக்கும் பக்கத்தை அச்செடுத்து, கல்விக்கடனுக்கான வித்யாலட்சுமி தளத்தில் பதிந்த விண்ணப்பத்தின் நகலோடு அண்ணன் மறுபடி போய்ப் பேசினான். இரண்டு லட்சம் அனுமதியானது. எடுத்தது 90,000 மட்டும். அனுமதித்த தொகை முழுவதையும் எடுத்தே ஆக வேண்டும் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு ஆண்டும் தேவைப்படுவதைத்தான் கல்லூரிக்கு அனுப்புகிறார்கள், வட்டி அதற்கு மட்டும்தான்.

படிப்பு முடிந்து ஓராண்டு வரை கட்ட வேண்டாம் என்பது உண்மைதான், ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஏறிக்கொண்டிருக்கும். 90,000-க்கு 9 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 8,100. மாதம் 675 ரூபாய். அண்ணன் வேலைக்குப் போன புதிதில் சம்பளம் பதினாறாயிரம். அதிலிருந்து மாதாமாதம் அந்த வட்டியைக் கட்டிவிட்டான். படிக்கும் காலத்திலேயே வட்டியைக் கட்டுபவர்களுக்கு வங்கிகள் ஒரு சதவீதம்வரை வட்டியைக் குறைக்கவும் அந்தத் திட்டத்தில் வழி இருக்கிறது. கேட்டால்தான் செய்வார்கள்.

செலவைக் குறைத்ததில் பெரியது கல்லூரி பஸ். ஆண்டுக்கு 18,000 கேட்டார்கள். நான் கட்டணமில்லாத டவுன் பஸ்ஸில் போய், முக்கிலிருந்து இரண்டு கிலோமீட்டர் நடந்தேன். நான்கு ஆண்டில் 72,000. என் கடனின் அசலில் ஐந்தில் நான்கு பங்கு அல்லவா இது? மழைக்காலத்தில் மட்டும் கஷ்டமாக இருந்தது. சீனியர்களிடம் வாங்கிய பழைய புத்தகம், பகல் சாப்பாடு வீட்டிலிருந்து, இதெல்லாம் எல்லோரும் செய்வதுதான்.

பிரகதியை ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். ஆண்டுதோறும் அதே தளம், அதே அலுவலக வாசல். மூன்றாம் ஆண்டில் என்னோடு ஆறு ஜூனியர் பெண்களைக் கூட்டிக்கொண்டு போனேன். ஆறு பேருக்கும் அன்றே சரிபார்த்து முடித்தார்கள்.

எதிர்வீட்டுப் பெண் இந்த ஆண்டு பிளஸ் டூ. வீட்டில் மூத்தவள், முதல் பட்டதாரி சான்றிதழுக்குத் தகுதி உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் அந்தச் சலுகை கிடையாது, கவுன்சிலிங்கில்தான் போக வேண்டும் என்று அவள் அப்பாவிடம் இரண்டு முறை சொல்லியிருக்கிறேன். அவளுக்குக் கீழே ஒரு தங்கையும் தம்பியும் இருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன மிச்சம் என்பதையும் இப்போதே எழுதி வைக்கச் சொன்னேன். திங்கட்கிழமை நானும் அவளும் இ-சேவை மையத்துக்குப் போகிறோம். அவளுடைய பழைய பாஸ்புத்தகத்தைத் தேடி எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.