டீமேக்கர் வீட்டுக் குளிர்காலம்

கார்த்திகை மழை கொஞ்சம் விட்டதும் நுவரெலியாவை அடுத்த கந்தப்பளைப் பக்கம் வீட்டுக்கு வீடு கம்பளியை உதறி வெயிலில் போடுவார்கள். எங்கள் வீட்டில் அந்த நேரத்தில் அப்பா டோர்ச்சும் கையுமாகப் புகைபோக்கிக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பார்.

வெள்ளைக்காரன் காலத்து வீடு அது. ஹோலில் கருங்கல்லால் கட்டிய பயர்பிளேஸ் ஒன்று இருக்கிறது. வருஷத்தில் பாதி நாள் அதற்குள் அம்மாவின் வெங்காயக் கூடைதான் குடியிருக்கும். இந்த முறை அக்கா மட்டக்களப்பிலிருந்து போன் எடுத்து, "நத்தார் லீவுக்கு வாறோம், பயர்பிளேஸைப் பத்த வைங்கப்பா, அவருக்குக் குளிர் ஆகவே ஆகாது" என்று சொல்லிவிட்டாள். அப்பாவுக்கு அந்த ஒரு சொல் போதும்.

அப்பா ஓய்வுபெற்ற டீமேக்கர். ஆயுசில் பாதியை பெக்டரி டிரையருக்கும் விறகு அடுப்புக்கும் நடுவில் கழித்தவர். முக்கால் பங்குக்கு மேல் தண்ணீராக வரும் பச்சைக் கொழுந்தை வாட்டி, அரைத்து, டிரையரில் விட்டு, 3 சதவீத ஈரத்துக்குக் கொண்டுவந்தே பழக்கம். ஈரம் என்று யாராவது வாயைத் திறந்தாலே அவருக்கு அது தொழில் விஷயம். மழை நாளில் கொடியில் கிடக்கும் என் பனியனைக்கூட இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்து, "இன்னும் வாட்டம் போதாது" என்பார்.

முதல் சண்டை விறகுக்காரரோடு. சின்ன லொறி நிறைய டர்பன்டைன் மரக் கட்டை வந்து இறங்கியது. "நல்லாக் காய்ஞ்சது ஐயா" என்றார் அவர். அப்பா பதில் பேசவில்லை. இரண்டு கட்டையை எடுத்து ஒன்றோடொன்று தட்டினார். தொப் என்றது. அடியிலிருந்து வேறு இரண்டை உருவித் தட்டினார். அதுவும் தொப். பிறகு எங்கள் கொட்டகையிலிருந்து போன வருஷத்து மிச்சம் இரண்டைக் கொண்டுவந்து தட்டிக் காட்டினார். ணங்! வெட்டுவாயில் வெடிப்பு விட்டிருக்கிறதா பார், பட்டை தானாகக் கழலுதா பார் என்று நடு ரோட்டிலேயே வகுப்பு ஆரம்பித்தது.

"கட்டை எரியிறதுக்கு முன்ன அதுல உள்ள தண்ணி கொதிச்சு ஆவியாப் போகணும். அந்தச் சூடு யாரு வீட்டுக் காசு?"

விறகுக்காரர் இப்படியொரு கேள்வியை எதிர்பார்த்து வரவில்லை. விலையைக் குறைத்துவிட்டுப் போய்விட்டார். அப்பா சொன்னது நியாயம்தான். பச்சைக் கட்டை சூடும் தராது, அதன் புகை குளிர்ந்து புகைபோக்கிச் சுவரில் தாராகப் படியும், என்றாவது ஒருநாள் அந்தத் தாரே உள்ளுக்குள் தீப்பிடிக்கும். ஆகவே வந்த லோட் அடுத்த வருஷத்துக்கு என்று ஒதுக்கப்பட்டு, தகரத்துக்குக் கீழே குறுக்கும் நெடுக்குமாக, காற்று ஊடாடும்படி அடுக்கப்பட்டது. அடுக்கியது நான். சரிந்த அடுக்கைத் திரும்ப அடுக்கியதும் நான். இந்த வருஷத்துக்குப் பழைய மிச்சமும், தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய மலையில் கேட்டு வாங்கிய மிலாறும், அதாவது வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சியும்.

அடுத்தது புகைபோக்கி. அதற்கென்று வரும் ஆட்களை இங்கே எங்கே தேட? நீளக் கயிற்றின் நடுவில் மிலாறுக் கட்டு ஒன்றைக் கட்டி, ஒரு முனையைக் கூரையிலிருந்து உள்ளே இறக்கி, மேலே ஒருவர் கீழே ஒருவராக இழுக்க வேண்டும். தகரம் முழுக்கப் பாசி. அதில் நடக்கும் தைரியம் பக்கத்து வீட்டுத் தம்பிக்கு மட்டும்தான் உண்டு. கீழ்முனை என் கையில். பயர்பிளேஸுக்கு முன்னால் பழைய பெட்ஷீட்டைத் தொங்கவிட்டு, அதற்கு உள்பக்கம் நான்.

முதல் இழுப்பில் கரி மட்டும். அடுத்த இழுப்பில் ஒரு கூடு, முழுசாக. மைனாவோ என்னவோ, நல்ல வேலைக்காரப் பறவை. காய்ந்த புல், தேயிலைச் சாக்குத் தைக்கிற நூல், நீல பொலித்தீன் துண்டு, நடுவில் மெத்தை மாதிரி என் பழைய ஸ்வெட்டரின் கம்பளி நூல். அந்த ஸ்வெட்டரை எலி கடித்தது என்றுதான் அம்மா இதுவரை சொல்லிவந்தார். கூடு வந்த கையோடு என் மண்டையில் விழுந்தது ஒரு டென்னிஸ் பந்து. "அண்ணே, அது என்னோடது!" என்று மேலேயிருந்து புகைபோக்கி வழியாகவே குரல் வந்தது. அவன் ஏன் இவ்வளவு ஆசையாகக் கூரை ஏறினான் என்பது அப்போதுதான் விளங்கியது.

அக்காவும் அத்தானும் வந்து இறங்கினார்கள். அத்தான் நானுஓயாவில் ரயிலை விட்டு இறங்கும்போதே இரண்டு ஸ்வெட்டர், மங்கி கேப், கையுறை. நுவரெலியா 1868 மீற்றர் உயரம் என்று இன்டர்நெட்டில் பார்த்ததிலிருந்து மனுஷனுக்குத் தூக்கமில்லையாம். "மாமா, இங்க ஸ்னோ விழுமோ?" என்று கேட்டார்.

"ஸ்னோ விழாது மாப்பிள்ளை. தை, மாசியில மேகமில்லாத ராத்திரியில தரையில உள்ள சூடெல்லாம் மேல போயிரும். குளிர்காத்து பள்ளத்துல வந்து தேங்கும். விடியக்காலையில புல்லு வெள்ளையா இருக்கும். வெயில் பட்டதும் கொழுந்து கருகிப்போகும்."

ஆறுதல் சொல்வதாகத்தான் அப்பா நினைத்திருப்பார். அத்தான் சால்வையை எடுத்து மங்கி கேப்புக்கு மேலே சுற்றிக்கொண்டார்.

அத்தான் வெறுங்கையோடு வரவில்லை. கொழும்பில் வாங்கிய மின்சார ஹீட்டர் ஒன்று, 2000 வாட். அதன் பிளக் 13 ஆம்பியர் சதுர முனை. எங்கள் வீட்டு அறைகளில் இருப்பதோ 5 ஆம்பியர் உருண்டைத் துளை. அத்தான் பையிலிருந்து அடெப்டரை எடுத்தார். "இதுல பொருந்தும் மாமா."

"பொருந்துறது வேற, தாங்குறது வேற. 2000-ஐ 230-ஆல பிரிங்க. ஒன்பது ஆம்பியருக்குக் கிட்ட வருது. அஞ்சுக்குப் போட்ட வயர் என்னாகும்?"

அந்த ஹீட்டரைத் தாங்கக்கூடிய பிளக் பொயின்ட் வீட்டில் ஒன்றே ஒன்று. அது குசினியில். ஹீட்டர் அங்கே அனுப்பப்பட்டது. அதையும் கேத்திலையும் சேர்த்துப் போட்டால் ட்ரிப் சுவிட்ச் விழுகிறது என்பதை அன்று மாலையே கண்டுபிடித்தோம். தேத்தண்ணியா ஹீட்டரா என்றால் எங்கள் வீட்டில் வோட்டெடுப்பு தேவையில்லை.

இனி பயர்பிளேஸ் திறப்பு விழா. எல்லாரும் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். அப்பா மிலாறை அடியில் பரப்பி, மேலே கட்டையைக் கூண்டாக அடுக்கி நெருப்பு வைத்தார். பற்றியது. புகை எழுந்தது. எழுந்து, ஒரு கணம் யோசித்து, நேராக ஹோலுக்குள் வந்தது.

"பயப்படாதீங்க. புகைபோக்கிக்குள்ள குளிர்காத்து கனமா உக்காந்திருக்கு. அதைச் சூடாக்கி மேல தள்ளணும்" என்று இருமிக்கொண்டே சொன்னார் அப்பா. ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரைச் சுருட்டிக் கொளுத்தி உயரத் தூக்கிப் பிடித்தார். உண்மையிலேயே அதுதான் முறை. ஆனால் அது அம்மா இன்னும் பார்த்து முடிக்காத மணமக்கள் தேவைப் பக்கம். (எனக்குத்தான் பார்க்கிறார். நல்லதே நடந்தது.) புகை போகவில்லை. இரண்டாம் தாளும் எரிந்தது. அத்தானையும் அக்காவையும் இஸ்தோப்புக்கு, வாசல் திண்ணைக்கு, அனுப்பினோம். அங்கே காற்று, இங்கே புகை. அத்தான் வாசலில் ஒரு காலும் உள்ளே ஒரு காலுமாக நின்றார்.

குசினியிலிருந்து அம்மா இடுக்கியோடு வந்தார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. குனிந்து, புகைபோக்கித் தொண்டையில் இருக்கும் தகட்டின் கைப்பிடியை மேலே தட்டிவிட்டார். கிரீச் என்று தகடு திறந்தது. புகை அப்படியே திரும்பி மேலே போயிற்று.

"கைப்பிடி கீழ இருந்தாதான் திறந்திருக்குன்னு நீங்க சொன்னீங்க" என்றேன்.

"இப்பதான் புகைபோக்கி சூடேறியிருக்கு" என்றார் அப்பா.

நெருப்பு அருமையாக எரிந்தது. முகம் பொரிந்தது, முதுகு விறைத்தது. அரைமணிக்கொருதரம் ரொட்டி மாதிரித் திரும்பித் திரும்பி உட்கார்ந்தோம். அப்பா பெக்டரியில் கொழுந்து வாட்டுகிற இடத்தில் காற்றின் ஈரம் பார்க்க மாட்டும் இரட்டைத் தெர்மாமீட்டர் ஒன்றை வைத்திருக்கிறார். ஒரு குழாயின் நுனியில் ஈரத்துணி, மற்றதில் இல்லை. அதைக் கையில் தூக்கிக்கொண்டு அறை அறையாகப் போய்க் கொப்பியில் எழுதினார். ஹோலில் 17. சரி. அக்காவின் அறையில் பத்த வைக்கும் முன் 14, பத்த வைத்த பின் 13.

அப்பா துணியை மாற்றித் திரும்ப அளந்தார். 13-தான். நெருப்பு மேலே இழுக்கிற காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது காற்று உள்ளே வர வேண்டுமே. கதவிடுக்கு, ஜன்னல் சந்து என்று கந்தப்பளையின் குளிரெல்லாம் எங்கள் அறைகள் வழியாக வரிசையில் வந்து, பயர்பிளேஸில் குளிர்காய்ந்து, புகைபோக்கி வழியாகப் போய்க்கொண்டிருந்தது.

"கொஞ்சம் தணலைச் சட்டியில அள்ளி ரூமுக்குள்ள வைப்பமா?" என்றார் அத்தான். அதற்கு மட்டும் அப்பாவும் அம்மாவும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். மூடிய அறையில் தணலிலிருந்து வருகிற கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குகிறவர் எழும்பமாட்டார். அதில் எங்கள் வீட்டில் விளையாட்டே கிடையாது.

கொஞ்ச நேரத்தில் அக்கா குசினிக்குப் போனாள். பிறகு அத்தான். பிறகு நான். அம்மாவின் விறகு அடுப்பு பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. சின்ன அறை, தாழ்ந்த கூரை, ஒரு பக்கம் பானையில் சுடுதண்ணி, மறுபக்கம் கல்லில் ரொட்டி. அத்தான் முதலில் கையுறையைக் கழற்றினார், பிறகு சால்வையை. கட்டச் சம்பலோடு நாலாவது ரொட்டிக்கு வரும்போது மங்கி கேப்பும் போய்விட்டது. மருமகனுக்குத் தலைமுடி இவ்வளவு கொட்டியிருப்பது அம்மாவுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

ஹோலில் அப்பா தனியாக இருந்தார். பிளேன்டி கொண்டுபோய்க் கொடுத்தேன். கொப்பியைக் காட்டினார். கட்டை போட்ட நேரம், ஹோல் சூடு, அறைச் சூடு என்று கோடு போட்ட பத்திகள். கடைசிப் பத்தியின் தலைப்பு 'நைட் ஷிப்ட்'. அதற்குக் கீழே அத்தானின் பெயர்.