பிஸ்தா பச்சை லினன் சட்டை

போன வருடம் கத்திரி தொடங்கிய அன்று காலை, என் அலமாரியிலிருந்து ஒரு சட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மனைவி கேட்டாள்: "இதை இன்னும் சட்டைன்னுதான் சொல்லிட்டு இருக்கீங்களா?"

காலர் நைந்து, உள்ளே வைத்துத் தைத்த வெள்ளைக் கான்வாஸ் எட்டிப் பார்த்தது உண்மைதான். ஆனால் அலமாரியில் உருப்படியான காட்டன் சட்டை அது ஒன்றுதான். மிச்சமெல்லாம் தீபாவளிக்குத் தீபாவளி தள்ளுபடியில் எடுத்த பாலியஸ்டர் கலப்பு. கோயம்புத்தூர் என்றால் குளுகுளு என்று இன்னும் வெளியூர்க்காரர்கள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். மே மாதம் காந்திபுரத்தில் பஸ் ஏறி, உக்கடத்தில் இறங்கிப் பார்க்கட்டும். அதற்குள் அந்தப் பாலியஸ்டர் சட்டை முதுகோடு பசை போட்டு ஒட்டியதுபோல் ஆகியிருக்கும்.

அன்று மாலையே மூன்று பேரும் ஒரு மாலுக்குப் போனோம். ஏசி அருமையாக இருந்தது. ஒரு பொம்மைக்கு லினன் சட்டை போட்டு, கையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தார்கள். விலைச்சீட்டைத் திருப்பினேன். 2,799. யாரும் பார்க்காதபடி சீட்டைச் சட்டைக்குள்ளேயே தள்ளிவிட்டேன். எட்டாவது படிக்கும் என் பையன் பார்த்துவிட்டான். "அப்பா, அந்தப் பொம்மையே வாடகைக்குத்தான் போட்டிருக்கும்" என்றான்.

மூன்று பேருக்கும் சேர்த்து என் கையில் இருந்தது இரண்டாயிரம். வெளியே வந்து திருப்பூரில் இருக்கும் மச்சினனுக்கு போன் போட்டேன். அவன் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறான். (அந்த ஊரில் ஜாக்கெட் தைத்தாலும், குழந்தைக்குக் குல்லா தைத்தாலும் அது பனியன் கம்பெனிதான்.)

"மாலுக்கா போனீங்க? ஏன் மாமா, ஒரு மணி நேரத்துல இங்க வந்திருக்கலாமே. சனிக்கிழமை காதர்பேட்டைக்கு வாங்க, நான் பாத்துக்கறேன்."

காதர்பேட்டை திருப்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இறங்கி நடந்தால் போதும். வெளிநாட்டு ஆர்டருக்குத் தைத்து மிஞ்சியது, செக்கிங்கில் கழித்தது, கடைசி நேரத்தில் கேன்சலானது என்று எல்லாம் இங்கே வந்து மலையாகக் குவியும். சந்துக்குச் சந்து கடை. கடைக்குள் நிற்க இடமில்லாமல் துணி இருக்கும், வாசலில் தார்ப்பாய்க்குக் கீழே மனிதர்கள் இருப்பார்கள்.

முதல் கடையிலேயே எனக்கு அதிர்ச்சி. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது, உள்ளே வரிசையாகத் தொங்குவது தலையை மூடும் ஹூடி. கம்பளி மாதிரி கனம்.

"என்ன மாப்ள, கத்திரியில இதை எவன் போடுவான்?"

"நாம ஏன் மாமா போடறோம்? வெளிநாட்டுல குளிர் வர்றப்போ கடையில தொங்கணும்னா இங்க இப்பவே தைச்சாகணும். நமக்கு வேர்க்கறப்போ அவங்க ஸ்வெட்டர் தைப்போம். நமக்கு மார்கழியில அவங்க கோடைக்கு கையில்லாத பனியன் தைப்போம். நீங்க டிசம்பர்ல வந்திருக்கணும்."

நல்ல நேரத்தில்தான் வந்திருக்கிறேன். ஆனாலும் அந்த ஹூடி விலை 200 என்றதும் மனசு கேட்கவில்லை. ஊட்டிக்குப் போனால் ஆகும் என்று ஒன்று எடுத்துக்கொண்டேன். ஊட்டிக்குப் போகும் திட்டம் எதுவும் அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை.

அதற்கு அப்புறம் மச்சினன் என் கையில் துணியே கொடுக்கவில்லை. அவன் துணி பார்ப்பதைப் பார்க்க வேண்டும். டி-ஷர்ட்டை உதறி, உள்ளே இரண்டு கையையும் விட்டு விரித்து வெளிச்சத்துக்கு நேரே தூக்குவான். ஊசி போன ஓட்டை இருந்தால் நட்சத்திரம் மாதிரி தெரியும். அப்புறம் டி-ஷர்ட்டின் கையை அதன் உடம்போடு சேர்த்து வைத்துச் சாயம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பான். வேறு வேறு ரோலில் வெட்டியிருந்தால் கை ஒரு நீலம், உடம்பு ஒரு நீலமாக இருக்குமாம். கடைசியாக இரண்டு ஓரத் தையலையும் சேர்த்துப் பிடித்துத் தொங்கவிடுவான். அது நேராக இறங்காவிட்டால், இரண்டு சலவையில் தையல் சுற்றிக்கொண்டு வயிற்றுக்கு வந்துவிடுமாம். எனக்கு வீட்டில் அப்படி நான்கு இருக்கிறது. இத்தனை நாள் என் வயிறுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"எத்தனை ஜிஎஸ்எம் வேணும் மாமா?"

"எனக்கு எக்ஸ்எல் மாப்ள."

கடைக்காரர் குனிந்து பில் புத்தகத்தைத் தேடினார். சிரிப்பை மறைக்கத்தான். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். வெயிலுக்கு 140, 160 போதும், 180 வழக்கமாக எல்லோரும் போடுவது, 240-க்கு மேல் போனால் ஹூடி பக்கம் போய்விடும் என்று விளக்கினான். துணியை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தே 160, 180 என்று சொல்கிறான்.

பையனுக்கு 120 வீதம் மூன்று டி-ஷர்ட், எனக்கு 180 வீதம் இரண்டு காலர் டி-ஷர்ட், 100 வீதம் இரண்டு முக்கால் டவுசர், மனைவிக்கு 150 வீதம் வீட்டில் போட இரண்டு பேன்ட். எல்லாவற்றிலும் லேபிள் பாதி வெட்டியிருந்தது. எந்த நாட்டுக் கடைக்குப் போக வேண்டியது என்று தெரியக் கூடாதாம். வெளிநாட்டு அளவு நம் அளவைவிடப் பெரிது என்பதால் எனக்கு வெறும் எல் போதுமானதாக இருந்தது. பத்து வருடத்துக்குப் பிறகு எல். அந்தச் சந்தோஷத்தில்தான் தப்பு நடந்தது.

மச்சினனுக்கு போன் வந்து வெளியே போனான். நான் தனியாக நின்ற அந்த ஐந்து நிமிடத்தில், ஒரு குவியலுக்கு அடியிலிருந்து இளம் பிஸ்தா பச்சையில் ஒரு துணி என்னைக் கூப்பிட்டது. இழுத்தேன். லினன் சட்டை! கையில் கசக்கினால் சுருக்கம் அப்படியே நின்றது. முதுகில் மேலிருந்து கீழாக இரண்டு டாட் (துணியை உள்ளே மடித்துத் தைக்கும் பிடிப்பு) பிடித்து, இடுப்பில் லேசாக ஒடுங்கியிருந்தது. மாலில் பார்த்த பொம்மைச் சட்டையில் இந்த வேலைப்பாடெல்லாம் இல்லை.

"400 ங்ணா. ஒரே பீஸுதான்."

"200."

"அட, லினனுங்ணா. 250 கொடுத்து எடுத்துக்கங்க. எடுத்தா மாத்தித் தர மாட்டோம், பாத்துக்கங்க."

பார்த்துக்கொண்டேன். காசைக் கொடுத்தேன். மச்சினன் திரும்பி வந்தபோது அது பைக்கு அடியில் இருந்தது. வீட்டுக்குப் போய் எல்லோரையும் அசத்த வேண்டும் என்று அவனிடமும் காட்டவில்லை. மொத்தம் 1,670. மிச்சத்தில் ஆளுக்கொரு பிரியாணி, 300 ஆயிற்று. கையில் முப்பது ரூபாயோடு ரயில் ஏறும்போது, 2,799-க்கு அந்தப் பொம்மை நன்றாக ஏமாந்தது என்று தோன்றியது.

வீட்டில் மனைவி கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தாள். "காட்டனா இது?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. டி-ஷர்ட் ஓரத்தில் தொங்கிய நூலை உருவி, அடுப்பைப் பற்றவைத்து, இடுக்கியால் காட்டினாள். அவளுடைய அம்மா சொல்லிக்கொடுத்த பரிசோதனை. காட்டன் என்றால் காகிதம் எரியும் வாசனை வந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் என்றால் உருகிக் கடுகு மாதிரி கெட்டியாகிவிடும்.

உருகியது. கெட்டியாகக் கடுகு மாதிரி.

"என் தம்பியும் சேர்ந்து ஏமாந்துட்டானா?" என்று உடனே வீடியோ காலில் அவனைப் பிடித்தாள். அவன் தலையில் அடித்துக்கொண்டான். "அக்கா, நீ எரிச்சது தையல் நூல். சுத்தக் காட்டன் துணியைத் தைக்கறதும் அந்த நூல்லதான். துணியில இருந்து நூலை உருவி எரிச்சுப் பாரு." உள்மடிப்பில் இருந்து ஒரு இழையை உருவி எரித்தாள். காகித வாசனை. சாம்பல். மச்சினன் மானமும் என் மானமும் தப்பின. அந்த வேகத்தில் லினன் சட்டையைக் காட்ட மறந்துவிட்டேன். சரி, திங்கட்கிழமை போட்டுக்கொண்டே காட்டலாம்.

திங்கள் காலை மனைவி எனக்கு முன்னால் வேலைக்குக் கிளம்பிவிட்டாள். கண்ணாடி முன்னால் நின்று பட்டன் போட ஆரம்பித்தேன். போட முடியவில்லை. விரல் ஒரு பக்கம் போகிறது, பட்டன் மறுபக்கம் இருக்கிறது. நாற்பத்தைந்து வயதில் கை நடுங்க ஆரம்பித்துவிட்டதோ என்று பயம் வந்துவிட்டது. நெஞ்சில் தொளதொள, இடுப்பில் இறுக்கம். பத்து நிமிடம் போராடி எல்லாப் பட்டனையும் மாட்டிவிட்டேன். பாக்கெட் இல்லாததால் பேனாவைப் பேன்ட்டில் செருகிக்கொண்டேன்.

ஆபீஸில் நல்ல வரவேற்பு. "கலர் சூப்பர் சார்", "லினனா சார்?" என்று இரண்டு மேஜை தள்ளியிருந்தவர்கள்கூடக் கேட்டார்கள். 250 என்று சொல்லாமல் "எக்ஸ்போர்ட் ஐட்டம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். டீ நேரத்தில் அக்கவுன்ட்ஸில் இருக்கும் அம்மா ஒருவர் வெகு நேரம் என் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது. பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

"சார், காலையில கரன்ட் இல்லைங்களா? இருட்டுல மேடம் சட்டையை மாத்திப் போட்டுட்டு வந்துட்டீங்க."

ஆண்கள் சட்டையில் பட்டன் வலப்பக்கம், பெண்கள் சட்டையில் இடப்பக்கம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். முதுகில் இருந்த டாட் எதற்கு என்பதும் அப்போது விளங்கியது. அன்று மதியம் முழுக்க ஒரு ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே வேலை பார்த்தேன். பொறுப்பான ஆள் என்று மேனேஜர் நினைத்திருப்பார்.

மாலையில் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். சிரிக்கவில்லை. வாங்கி, திருப்பிப் பார்த்து, கசக்கிப் பார்த்து, மறுநாள் அவளே போட்டுக்கொண்டு போனாள். அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. அவளுக்கும் பள்ளியில் நல்ல வரவேற்பாம். எங்கே வாங்கியது என்று மூன்று டீச்சர்கள் விசாரித்தார்களாம். "எங்க வீட்டுக்காரர் எனக்காகத் தேடி எடுத்துட்டு வந்தார்" என்று சொல்லியிருக்கிறாள். அளவும் நிறமும் எழுதிய ஒரு சீட்டு, கூடவே ஆயிரத்து ஐந்நூறு ரூபாய், சாப்பாட்டு மேஜையில் டம்ளருக்குக் கீழே இருந்தது.

அடுத்த சனிக்கிழமை அதே கடையில் அதே குவியல் முன்னால் குந்தி உட்கார்ந்தேன். கடைக்காரருக்கு என்னை ஞாபகம் இருந்தது.

"வாங்கண்ணா. அன்னைக்கு எடுத்த லேடீஸ் சட்டை வீட்டுல பிடிச்சுதுங்களா?"