காரைக்குடிப் பக்கம்: தூண் தூணாக விலைக்கு

முதலில் ஆட்டோக் கதையைக் கொட்டிவிடுகிறேன். காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தான், ஆத்தங்குடி போய்த் திரும்ப 1,500 ரூபாய் என்று பேசித்தான் ஏறினோம். பாதி வழியில் “வெயிட்டிங் தனி சார்” என்றார். கடைசியில் 2,100. பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமை இருந்தால் அதிலேயே போங்கள்.

சரி, செட்டிநாட்டுச் செட்டியார்களின் வீடுகள். கானாடுகாத்தானில் ஒவ்வொன்றும் இந்தத் தெருவில் வாசல், அடுத்த தெருவில் கொல்லை. நாங்கள் நடந்த தெருவில் பெரும்பாலும் பூட்டு. பர்மாவிலும் மலேயாவிலும் கொடுக்கல் வாங்கலில் வந்த காசு கட்டிய வீடுகள். 1942இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்ததும் அந்த வரும்படி படுத்துவிட்டது. இப்போது ஒரு வீட்டுக்கு ஏகப்பட்ட பங்காளிகள். கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்றால் கூடுகிறார்கள். மற்ற நாளில் ஒழுகுகிற கூரை ஓடுகளை யார் மாற்றுவது?

அதனால் ஆத்தங்குடியில் டிக்கெட் போட்டு உள்ளே விடும் வீட்டை நான் குறை சொல்ல மாட்டேன். முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு. சுவரில் கை வைத்தால் சில்லென்றிருக்கிறது. ஆனால் அங்கே வாழ்ந்தவர்களைப் பற்றிச் சொல்ல ஆள் இல்லை. எந்தெந்தப் படம் எடுத்தார்கள் என்று சொல்ல நாலு பேர் வருகிறார்கள்.

காரைக்குடிப் பழம்பொருள் கடைதான் என்னால் தாங்க முடியவில்லை. தேக்குத் தூண், நிலைக்கதவு, எனாமல் அடுக்குகள். ஒரு பித்தளைத் தூக்கின் கழுத்தில் “ராம.மெ.” என்று குடும்பத்தின் முதலெழுத்துகளைப் புள்ளி புள்ளியாகக் கொத்தியிருந்தது. எந்த ஆச்சிக்குச் சீர் வைத்ததோ! கடைக்காரர், “எழுத்து இருந்தா ரேட்டு கூட, ஒரிஜினல்னு தெரியுதுல்ல” என்றார். 3,800 ரூபாயாம். பக்கத்தில் ஒருவர் ஹோட்டல் வரவேற்பறைக்கு ஒரு ஜோடித் தூணைப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்திலும் பெயர்த்துக்கொண்டுபோன செட்டிநாட்டு வீடுதான் இருக்கிறது. அங்கே அது வீடாகவாவது நிற்கிறது. இந்த ஊர்கள் 2014இலேயே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறிவிட்டன. நிரந்தரப் பட்டியலுக்குப் போவதற்குள் எல்லாவற்றையும் விற்றுத் தீர்த்துவிடுவார்கள்போல.

ஆத்தங்குடிக் கல், அதாவது பூப்போட்ட தரை டைல்ஸ், செய்யும் பட்டறையை மட்டும் விட்டுவிடாதீர்கள்! கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணச் சாந்தை ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கியதும் பூ அப்படியே நிற்கிறது. மேலே உலர்ந்த சிமெண்டு மணல், பிறகு ஈரக்கலவை, அப்புறம் தண்ணீர்த் தொட்டி. எங்கள் பூஜையறைக்கு விலை கேட்டேன். கல்லை விட லாரி வாடகை அதிகமாகும் என்றார்கள். எப்படியும் போடத்தான் போகிறேன்.