தண்ணியில்லாக் காடும் ஒரு காலி டிரம்மும்

2022 மே மாதக் கடைசி. மாறுதல் பட்டியல் வரப்போகிறது என்பது எங்கள் அலுவலகத்தில் எல்லாருக்கும் முன்னால் ஜீப் டிரைவருக்குத்தான் தெரியும். அவர் சொன்ன மூன்றாம் நாள் வாட்ஸ்அப்பில் பி.டி.எப். வந்து விழுந்தது. ஆளாளுக்கு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேடினோம். வரிசை எண் 19இல் நான். 'தற்போது பணிபுரியும் இடம்' கும்பகோணம். 'மாறுதல் செய்யப்படும் இடம்' முதுகுளத்தூர், ராமநாதபுரம் மாவட்டம். காரணம், நிர்வாக நலன். பதினோரு வருடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அதனால் நிர்வாகத்துக்கு என்ன நலக்குறைவு வந்ததோ!

"தண்ணியில்லாக் காட்டுக்குத் தூக்கிடுவேன்" என்று மேலதிகாரி மிரட்டினால், அந்தக் காடு எங்கே இருக்கிறது என்று தமிழ்நாட்டு அரசு ஊழியர் யாரும் கேட்கமாட்டார். ராமநாதபுரம் பக்கம் என்று பாட்டன் காலத்திலேயே முடிவாகிவிட்டது. காவிரிக் கரையை விட்டு நகராத என் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அங்க தினமும் குளிப்பாங்களாடா?"

சங்கத்துப் பெரியவர், "ரிலீவிங் ஆர்டரைக் கையில வாங்கிடாதே, மெடிக்கல் போடு" என்றார். முதுகுவலி என்று போட்டேன். இன்னொருவர், பிரமுகர் ஒருவரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்கச் சொன்னார். வெளியார் செல்வாக்கைக் கொண்டுவருவது நடத்தை விதிகளுக்கு விரோதம் என்று எத்தனையோ பேருக்கு மெமோ டைப் அடித்த கை இது. ஆனாலும் போனேன். வாசலில் எங்கள் துறைக்காரர்களே நான்கு பேர் நின்றிருந்தார்கள். நான்கு பேருக்கும் முதுகுவலி.

கடிதம் கிடைத்தது. அது கோப்பில் போய்ப் படுத்துக்கொண்டது.

அந்த வாரம் முதுகுளத்தூரிலிருந்து ஒரு போன். "சார், வரிசை எண் 20 பேசுறேன். என்னைத்தான் உங்க சீட்டுக்குப் போட்டிருக்காங்க. நீங்க எப்ப வர்றீங்க?" அவரும் மெடிக்கல் லீவில்தான் இருந்தார். அவருக்கு ரத்த அழுத்தம். நான் போனால்தான் அவர் பொறுப்பை ஒப்படைக்க முடியும், அவர் வந்தால்தான் நான் ஒப்படைக்க முடியும். பிறகு மெதுவாகக் கேட்டார்: "சார், அங்க கொசு ஜாஸ்தியாமே? மழைன்னா வாரக்கணக்கா விடாதாமே? பிள்ளைகளை வச்சுக்கிட்டு எப்படித்தான் இருக்கீங்க?" எனக்குச் சுருக்கென்றது. மகாமகக் குளம், டிகிரி காபி, வெற்றிலை என்று பத்து நிமிடம் ஊர்ப்பெருமை பேசினேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது, அவரைக் கும்பகோணத்துக்கு வரச்சொல்லி நானே ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறேன் என்று.

இருவரும் சம்மதித்து இடத்தை மாற்றிக்கொள்ளும் மனமொத்த மாறுதலுக்கு விண்ணப்பித்தோம். புதிய இடத்தில் ஓராண்டு முடிக்காமல் பரிசீலிக்க இயலாது என்று இருவருக்கும் ஒரே வாசகத்தில் பதில். சரி, வேறு வழியில்லை. இருவருக்கும் ஒரே வாரத்தில் உடம்பு குணமாயிற்று.

பிரிவுபசார விழாவில் சால்வை போட்டு, 50 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். அறையே சிரித்தது. தஞ்சாவூர், மதுரை, பரமக்குடி என்று பஸ் மாறி மாறி அதைத் தூக்கிக்கொண்டு போனேன். மதுரையில் ஒரு கண்டக்டர் டிரம்முக்கும் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

முதுகுளத்தூரில் வழி நெடுகச் சீமைக் கருவேலம். தெருவில் ஒரு பெண் தள்ளுவண்டியோடு வந்தார். குடங்கள் அசையாமல் உட்காருவதற்கென்றே வளையம் வளையமாகக் கம்பி அடித்த வண்டி. ஆறு குடம், துளி சிந்தவில்லை. தண்ணீர் எங்கிருந்து என்று கேட்டேன். "காவிரித் தண்ணிதான் சார், குழாய்ல வருது" என்றார். திருச்சிப் பக்கத்தில் எடுத்து இவ்வளவு தூரம் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் கொண்டுவருகிறார்கள். காவிரி எனக்கு முன்பே மாறுதலாகி வந்து பணியில் சேர்ந்திருந்தது. தினமும் வராது என்பது வேறு விஷயம். எங்கள் ஊர் ஆற்றிலும்தான் தினமும் வருவதில்லை.

சம்பளம்தான் படுத்தியது. நான் வந்துவிட்டேன், கணினியில் என் பெயர் வரவில்லை. பழைய அலுவலகத்தில் ஒரு பொத்தானை அழுத்தி என்னை விடுவிக்க வேண்டும். அந்தப் பொத்தானை அழுத்தவேண்டியவர் வரிசை எண் 20. அவரை விடுவிக்கும் பொத்தான் என் மேசையில். இரண்டு மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை மாலை, போனில் ஒன்று இரண்டு மூன்று எண்ணிச் சேர்ந்து அழுத்தினோம்.

2023இல் ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அலுவலகத்தில் நானும் மிட்டாய் எடுத்துக்கொண்டேன். அதை இரண்டு கிள்ளிப்போட்டால் போதும், சாம்பாரின் குணமே வேறு. அம்மாவுக்கு மாதம் அரைக்கிலோ போய்க்கொண்டிருந்தது.

ஓராண்டு முடிந்ததும் மனமொத்த மாறுதல் கிடைத்தது. போகும்போது நிர்வாக நலன் என்பதால் பயணப்படி உண்டு; திரும்பி வருவது சொந்த விருப்பம், எனவே கிடையாது. போன பயணத்துக்கான பில்லும் நான் கும்பகோணம் திரும்பி நான்கு மாதம் கழித்துத் தணிக்கைக் குறிப்போடு திரும்பி வந்தது: 'எடுத்துச் செல்லப்பட்ட வீட்டுச் சாமான்களின் விவரமும் எடையும் குறிப்பிடப்படவில்லை.' எழுதி அனுப்பினேன்: பாய் ஒன்று, வாளி ஒன்று, டிரம் ஒன்று, காலி.