டியர் 2 மானியம்: பட்ஜெட்டில் எங்கே இடிக்கிறது

சிங்கப்பூர்க் கல்வி அமைச்சின் ஆய்வு நிதி டியர் (Tier) எனப்படும் அடுக்குகளாக வருகிறது. டியர் 1 பணத்தைப் பல்கலைக்கழகமே பிரித்துக் கொடுக்கும். டியர் 2 அப்படியில்லை. எல்லாப் பல்கலைக்கழகங்களோடும் போட்டியிட்டு, துறை நிபுணர்களின் மதிப்பீட்டைத் தாண்டித்தான் வாங்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஆய்வுத் திட்டத்தை மாதக்கணக்கில் செதுக்கிவிட்டு, பட்ஜெட்டைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். இங்கே பட்ஜெட்டிலிருந்தே தொடங்குவோம். யார், எந்தக் கருவியில், எத்தனை மாதம் வேலை செய்யப் போகிறார் என்று கணக்குப் போட்டாலே திட்டத்தில் எங்கே ஓட்டை என்று தெரிந்துவிடும்.

முதலில் ஆள் செலவு. தலைமை ஆய்வாளரின் சம்பளத்தை இந்தப் பணத்தில் எடுக்க முடியாது. உதவியாளருக்கும் முனைவர் பட்டம் முடித்த ஆய்வாளருக்கும்தான். மூன்றாண்டுத் திட்டத்துக்கு மாதம் 4,500 வெள்ளியில் ஓர் உதவியாளர் என்றால் பலரும் 36 மாதத்தால் பெருக்கி 1,62,000 என்று எழுதிவிடுகிறார்கள். நிறுவனம் 13ஆம் மாதச் சம்பளம் தந்தால் ஆண்டுக்கு 58,500. சேர்பவர் சிங்கப்பூரர், 55 வயதைத் தாண்டாதவர் என்றால் முதலாளி தரும் மத்திய சேமநிதிப் பங்கு 17%, அதாவது 9,945. ஆக ஆண்டுக்கு 68,445, மூன்றாண்டுக்கு 2,05,335 வெள்ளி. ஊதிய உயர்வு இன்னும் சேரவில்லை. விடுபட்ட 43,335 வெள்ளியால் மூன்றாம் ஆண்டின் நடுவில் ஆளை அனுப்ப வேண்டி வரும், அதுவும் முடிவுகள் வரத் தொடங்கும் நேரத்தில். வேலைக்கு வரப்போவது யார் என்று விண்ணப்பிக்கும்போது தெரியாது என்பதால் சேமநிதியைச் சேர்த்தே போடுங்கள்.

கருவிக்கு கொட்டேஷன் வாங்கும்போது அதில் எது இல்லை என்று பாருங்கள். மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரை எடுத்துக்கொள்வோம். பெட்டியின் விலை மட்டும் இருக்கும். மின் இணைப்பு, உத்தரவாதத்துக்குப் பிந்தைய பராமரிப்பு இருக்காது. லிஃப்ட் கதவின் அகலத்தையும் ஆய்வகக் கதவின் அகலத்தையும் அளந்துவிட்டுத்தான் மாடலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 9% ஜிஎஸ்டியைச் சேர்ப்பதா விடுவதா என்பதை நிதிப் பிரிவிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். விண்ணப்பத்துக்கும் பணம் வருவதற்கும் இடையே பல மாதங்கள் போகும். அதற்குள் கொட்டேஷன் காலாவதியாகி விலை ஏறியிருக்கும். மதிப்பீட்டாளர் கட்டாயம் கேட்கும் கேள்வி, பொது ஆய்வகத்தில் இருப்பதைப் பயன்படுத்தினால் என்ன என்பது. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தேவை, அங்கே எத்தனை மணி நேரம் கிடைக்கிறது என்று இரண்டு எண்களை எழுதினால் போதும். ‘இன்றியமையாதது’ என்று மட்டும் எழுதினால் அந்தச் செலவை வெட்டிவிடுவார்கள்.

விண்ணப்பம் ஐஜிஎம்எஸ் (IGMS) என்ற மானிய விண்ணப்ப இணையத்தளத்தில் போகிறது. நீங்கள் சமர்ப்பிப்பதோடு முடிவதில்லை; பல்கலைக்கழக ஆய்வு அலுவலகம் ஒப்புதல் தந்தால்தான் அமைச்சுக்குப் போகும். அதனால் அலுவலகம் சொல்லும் உள் கெடுவே உண்மையான கெடு. இணை ஆய்வாளர்கள் வேறு நிறுவனத்தில் இருந்தால் அவர்களையும் முன்கூட்டியே தயார்ப்படுத்துங்கள். அதே திட்டத்தை இன்னொரு மானியத்துக்கும் அனுப்பியிருந்தால் மறைக்காமல் தெரிவிக்க வேண்டும்.

மானியம் கிடைத்ததும் பணம் மொத்தமாக வந்துவிடாது. நிறுவனம் முதலில் செலவழித்து, பிறகு கணக்குக் காட்டித் திரும்பப் பெறும். ஆள் செலவில் மிச்சமானதைக் கருவிக்கு மாற்ற நினைத்தால் அனுமதி முதலில், ஆர்டர் பிறகு. மனிதர்களோ விலங்குகளோ சம்பந்தப்பட்ட ஆய்வில் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வரும்வரை அந்தப் பகுதியைத் தொடங்கக் கூடாது. மானிய அறிவிப்புக்குக் காத்திராமல் அந்த ஒப்புதலுக்கான படிவத்தை எழுதத் தொடங்கிவிடுங்கள்.

கடைசி ஆறு மாதத்தில் பெரிய ஆர்டர் எதுவும் போட வேண்டாம். மானியம் முடியும் தேதிக்குள் பொருள் கைக்கு வந்து, இன்வாய்ஸும் வந்திருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் ரசாயனம் ஒரு வாரம் பிந்தினாலும் அந்தச் செலவு துறையின் தலையில் விழும்.