114 வருஷம் ஓட வேண்டியது

நேற்று ராத்திரி பழைய ஹார்ட் டிஸ்க்கைச் செருகினேன். டக்... டக்... டக். ரீடிங் ஹெட் இடம் தெரியாமல் முட்டி முட்டித் திரும்புகிற சத்தம். உள்ளே தங்கச்சி கல்யாண போட்டோ மொத்தமும்.

இந்த ரக டிஸ்க்குகளின் விவரத்தாளில் எம்டிபிஎஃப், அதாவது பழுதுகளுக்கு இடையிலான சராசரி நேரம், 10 லட்சம் மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். வகுத்துப் பார்த்தால் 114 வருஷம்! என்னுடையது ஆறாவது வருஷமே மண்டையைப் போட்டுவிட்டது.

ஏமாற்று வேலை என்றும் சொல்ல முடியாது. அது ஒற்றை டிஸ்க்கின் ஆயுள் இல்லை. ஆயிரம் டிஸ்க்கை வருஷம் முழுக்க ஓட்டினால் ஒன்பது போல போகும், அவ்வளவுதான் அர்த்தம். அதுவும் புதிதாக இருக்கும்போது. வயதாக ஆக இந்தக் கணக்கு செல்லாது. ஆன்லைன் பேக்கப் சேவை தரும் பேக்பிளேஸ் நிறுவனம் தன் டிஸ்க்குகள் எத்தனை செத்தன என்று 2013 முதல் வெளியிட்டு வருகிறது. நான் நம்புவது அதைத்தான்.

சரி, டிஸ்க் தன்னைத் தானே கண்காணித்துத் தரும் ‘ஸ்மார்ட்’ எச்சரிக்கை வருமே என்பீர்கள். 2007இல் கூகுள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்தது. செத்தவற்றில் 36 சதவீதத்துக்கு மேல் எந்த அறிகுறியும் காட்டவில்லை. என்னுடையதும் போன வாரம் வரை ‘குட்’ என்றுதான் காட்டியது.

தங்கச்சியிடம் இன்னும் சொல்லவில்லை.