தாவித் இசாக் எங்கே?

2001 செப்டம்பர் 18 அன்று கிழக்கு ஆப்பிரிக்க நாடான எரித்திரியாவின் அரசு, தன் நாட்டின் தனியார் செய்தித்தாள்கள் அனைத்தையும் ஒரே நாளில் இழுத்து மூடியது. அரசியலமைப்பை நடைமுறைப்படுத்துமாறும் தேர்தல் நடத்துமாறும் அதிபர் இசயாஸ் அஃபெவெர்கியை வலியுறுத்தி, ஆளுங்கட்சியின் மூத்த தலைவர்கள் 15 பேர் எழுதிய பகிரங்கக் கடிதத்தை வெளியிட்ட இதழ்களுள் 'செத்தித்' ஒன்று. அதன் நிறுவனர்களில் ஒருவரும் சுவீடன் குடியுரிமை பெற்றவருமான தாவித் இசாக், செப்டம்பர் 23 அன்று தலைநகர் அஸ்மராவில் கைது செய்யப்பட்டார்.

பொய் வழக்குப் போடும் சர்வாதிகாரிகளாவது ஒரு குற்றப்பத்திரிகையை நீட்டுவார்கள்; இங்கே அந்தச் சம்பிரதாயம்கூட இல்லை. விசாரணை, வழக்கறிஞர், தீர்ப்பு எதுவுமில்லாமல் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒருவரைச் சிறையில் வைத்திருப்பதுடன், அவர் உயிரோடு இருப்பதற்கான நம்பகமான சான்றைக்கூட அரசு வெளியிட மறுக்கிறது. 2005 நவம்பரில் அவரை வெளியே விட்டார்கள். சுவீடனிலிருந்த மனைவியுடன் தொலைபேசியில் பேசினார். இரண்டே நாளில் மீண்டும் பிடித்துச் சென்றுவிட்டார்கள். யுனெஸ்கோ 2017இல் அவருக்கு வழங்கிய பத்திரிகைச் சுதந்திர விருதை மகள்தான் பெற்றுக்கொண்டார்.

ஓசையில்லாத ராஜதந்திரமே பலன் தரும் என்று சுவீடன் அரசு நெடுங்காலம் சொல்லிவந்தது. அந்த ஓசையின்மை அஸ்மராவுக்குத்தான் வசதியாயிற்று என்பது என் எண்ணம்.